வணிக வலயத்துக்குள் வந்த அம்மன்

வெள்ளைப்பாலத் தோட்டம், மேற்பிரிவு,
எல்ல வீதி, மூன்றாம் வளைவு.
சனிக்கிழமை, பின்னேரம்.

அறிவும் அழகும் நிறைந்தவளும் பொறுமை மட்டும் சற்றுக் குறைந்தவளுமான என் பேத்தி, திட்டமிடல் உத்தியோகத்தர் செல்வி கேசினிக்கு, உன் அம்மாயி ரெங்கம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். அங்கே நீயும், நீ தங்கியிருக்கும் அறையின் ஒழுகுகிற கூரையும் எப்படி என்று அறிய விருப்பம். உன் அம்மா குவைத்திலிருந்து நேற்றுப் பேசினாள். அவளுக்குச் சுகம், அவள் வேலை செய்யும் வீட்டு எசமானிக்குத்தான் காய்ச்சலாம்.

போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "அம்மாயி, ஆபீஸ் விசயம் பேசாதீங்க" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். கடுதாசிக்குள் அப்படிப் புக முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், ஆனால் அந்த ஐந்தையும் மிச்சம் வைக்காமல் படித்தவள். ஆகையால் அவசரப்படாமல் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் வாசி. வாசிக்கும்போது நகம் கடிக்காதே.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரொட்டிக் கடையை மூடப் போகிறேன். காரணம் நீ இல்லை. காரணம் நான், கொஞ்சம் அம்மன்.

உன் வரைபடம் பிரதேச சபை மண்டபத்தில் தொங்குகிறது, பொதுமக்கள் பார்த்து அபிப்பிராயம் எழுதலாம் என்று கேள்விப்பட்ட அன்றே, நீ வாங்கித் தந்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டேன். 'எல்ல வீதி வணிக நிலப் பயன்பாட்டுத் திட்டம், வரைவு' என்று மேலே பெரிதாக எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான். வந்தவர்கள் எல்லாம் படத்தில் அவரவர் வீட்டைத் தேடினார்கள், நான் உன் கையைத் தேடினேன். எத்தனை கோடு, ஒன்றாவது நடுங்கியிருக்கிறதா? பக்கத்தில் நின்ற ஒருவரிடம் இது என் பேத்தி போட்டது என்றேன். அவர் தன்னுடைய புது ஹோட்டலை நடுவில் அறுத்துக்கொண்டு போகிற கோடு ஒன்றைக் காட்டி, இதுவும் உங்கள் பேத்தி போட்டதுதானா என்று கேட்டார். ஆமாங்க, எவ்வளவு நேராக இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் அபிப்பிராயம் எழுதுகிற புத்தகத்தைத் தேடிக்கொண்டு போனார்.

இந்தத் திட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு உன்னோடு சண்டை இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மலையைப் படம் பிடிக்க வரத் தொடங்கிய நாளிலிருந்து, கொழுந்து முளைத்த இடத்தில் எல்லாம் கட்டடம் முளைக்கிறது. சரிவை வெட்டி வெட்டி அறை கட்டுகிறார்கள், மழை வந்தால் மண் இறங்குவது கீழே வரிசையாக வீடு இருக்கிற லயத்துக்கு. ஆகவே கடையும் ஹோட்டலும் இந்த அளவுக்கு, இதற்கு மேல் ஏறக்கூடாது என்று யாராவது ஒரு கோடு போட வேண்டும். போடுகிற ஆள் நம் லயத்தில் பிறந்த பிள்ளை என்றால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

அந்தச் சந்தோசத்தோடு என் கடையைத் தேடினேன். சிவப்பு என்றால் வணிகம், மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கோயில், புத்த பன்சலை, பள்ளிவாசல், பச்சை என்றால் தேயிலையும் காடும். சிவப்பு இரண்டாம் வளைவோடு நின்றுவிட்டது. மூன்றாம் வளைவில் என் கடை, அடுப்பு, பெஞ்சு, நான், எல்லாம் பச்சை. காலமெல்லாம் கொழுந்து பறித்தது போதாதென்று கடைசியில் என்னையே கொழுந்தாக்கிவிட்டாளே என்று அங்கேயே சிரித்தேன். பிறகுதான் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் கூட்டி வாசித்தேன். பச்சையில் புதுக் கடை போடக்கூடாதாம், இருக்கிற கடையையும் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டுமாம். திரும்பி வருகிற பஸ்ஸில் சேலையைக் கசக்காமல் உட்கார மறந்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டபோது நீ சொன்னது நினைவிருக்கும். "அம்மாயி, அந்த வளைவு எங்க குடும்பத்து ஆளு கடை வச்சிருக்க எடம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். அத நான் தொடக்கூடாது. எங்க மேலதிகாரி பத்மநாதன் சார்தான் வந்து பாப்பாரு." ஒரு ரொட்டி கருகுகிற நேரத்துக்கு எனக்குக் கோபம் இருந்தது. ரொட்டியைத் திருப்பிப் போட்டதும், இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தது யார் என்று என்னையே கேட்டேன். பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் லயத்து ஆட்களுக்கு இந்த நேர்மை எல்லாம் விளங்கவில்லை. வரைபடம் போடுகிற ஆளின் அம்மாயி ரொட்டி சுடுகிறாள் என்றால், அந்த அடுப்படிதான் அலுவலகம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் தன் ஆட்டுப் பட்டியைச் சிவப்பாக்கித் தரச் சொன்னார். அவருடைய மைத்துனர் பின்னாலேயே வந்து, அந்தப் பட்டியை எந்தக் காரணம் கொண்டும் சிவப்பாக்கக் கூடாது என்றார். வெலிமடையில் காய்கறித் தோட்டம் செய்கிற ஒரு புண்ணியவான், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு கட்டு லீக்ஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினார். என் பேத்தி லஞ்சம் வாங்குகிற பிள்ளை இல்லை என்று பின்னாலேயே கத்தினேன். அவர் காதில் விழவில்லை, வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் விழுந்தது. லீக்ஸ் வாடுகிற வரைக்கும் அவர் வரவே இல்லை. ரொட்டிக்குள் வைத்து மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற ஆட்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன். இதை உன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டி வந்தால் சொல்லிவிடு.

இந்தச் சமயத்தில்தான் நம் தோட்டத்துத் தலைவர் தேத்தண்ணி குடிக்க வந்தார். சங்கத்தில் பேசிப் பேசி அவருக்கு எதையும் ரகசியமாகச் சொல்ல வராது, இதை மட்டும் குனிந்து சொன்னார். "ரெங்கம்மாக்கா, ஆளு இருக்க எடத்த அரசாங்கம் எடுக்கும். சாமி இருக்க எடத்த எந்த அரசாங்கமும் தொடாது." எனக்கு அது சரியாகப் பட்டது. நம் தோட்டங்களில் எந்த மலையில் பார், ஒரு கல்லும் ஒரு சூலமும் இருக்கும். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ரோட்டை அகலமாக்குகிறவன்கூட அந்த இடத்தில் சுற்றித்தான் போவான்.

ஃபெக்டரியில் வெல்டிங் வேலை செய்கிற தம்பியிடம் சொல்லி ஒரு சூலம் செய்து வாங்கினேன். கடைக்குப் பக்கத்துச் சவுக்கு மரத்தடியில், வெள்ளிக்கிழமை பார்த்து, ஒரு நல்ல கல்லாக வைத்து மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூலத்தை நட்டு, எலுமிச்சம்பழமும் குத்தினேன். கற்பூரம் காட்டும்போது, தாயே, இது கடைக்காகத்தான், வேறு ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லியும் வைத்தேன்.

அவள் மனதில் வைத்துக்கொண்டாள். முதலில் பதுளை பஸ் டிரைவர், சிங்களப் பிள்ளை, பாவம், எத்தனையோ தரம் அந்த வளைவில் வழுக்கியவர், இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் தேங்காய் உடைத்ததை மற்ற டிரைவர்மார் பார்த்தார்கள். அதோடு ஆட்டோக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு மணி கட்டினார்கள். லயத்துப் பெண்கள் பொங்கல் பானையோடு வந்து, ரெங்கம்மாக்கா கொஞ்சம் அடுப்பைத் தாங்க என்று என்னைத் தள்ளிவிட்டுப் பொங்கினார்கள். நான் எண்ணெய்த் துணியோடு ஓரமாக நின்று, நான் நட்ட சாமிக்கு நானே வரிசையில் நின்று விபூதி வாங்கினேன். வாங்கும்போது என் முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படி எல்லாம் நடக்கும்போது உன் பத்மநாதன் ஐயா இடம் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மெதுவான பேச்சு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மரத்தடிக்கே போனார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. சூலத்தைத் தொட்டுப் பார்த்தார். நம் மழைக்குத்தான் தெரியுமே, புது இரும்பும் சீக்கிரம் துரு ஏறிப் பழசாகிவிடும்.

"அம்மா, உந்தக் கோயில் கனகாலமா இருக்குதோ?" என்று கேட்டார்.

இதுதான் சமயம் என்று நினைத்து, "ஆதியில இருந்து இருக்குங்க ஐயா. எங்க பாட்டன் இந்தத் தோட்டத்துக்கு வரும்போதே இருந்துச்சாம்" என்றேன். இன்னும் இரண்டு கதையும் சேர்த்துச் சொன்னேன், அதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனையை மூடியபோது அவர் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது.

"உண்மையைச் சொன்னா, நான் வந்தது உங்கட வளைவையும் சிவப்பாக்கலாமோ எண்டு பாக்கத்தான். சனம் இறங்கி நிண்டு தேத்தண்ணி குடிக்கிற இடம், சரிவும் இல்லை, ஆக்கலாம். ஆனா கோயில் எண்டு ஒண்டு இருந்தா, அதில இருந்து முப்பது மீட்டருக்கு உள்ள ஒரு கடையும் இருக்கேலாது அம்மா. திட்டத்தில அப்பிடித்தான் கிடக்கு."

கேசினி, எனக்கு அந்த நேரத்தில் அடுப்பும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. பச்சையிலிருந்து சிவப்புக்குப் போக இருந்த இடத்தை, நானே மஞ்சள் பூசி நீலமாக்கிவிட்டேன். "ஐயா, பொய் சொல்லிட்டேங்க. அது நான் போன மாசம் நட்டதுங்க" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, என்ன பகிடி எண்டாலும் விடுங்கோ. சாமியில மட்டும் பகிடி விடாதேங்கோ" என்றார். கடைக்காக அம்மனையே மறுதலிக்கிறவள் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், சீனி காணாது என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு மரத்தடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் நின்றார். அவருடைய டிரைவர் என்னிடம் சொன்னார், ஐயா ஊர்ப் பக்கம் இடமாற்றம் கேட்டு வருசக் கணக்காகக் காத்திருக்கிறாராம்.

அடுத்த வாரமே இடமாற்றம் வந்துவிட்டது. என் முழங்காலைக் கேட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தரம் கும்பிட்ட மனிதருக்கு உடனே கொடுத்துவிட்டாள். ஐயா ஒரு பட்டுத் துணியும் பழத்தட்டும் கொடுத்தனுப்பினார். அந்தச் செய்தி பரவியதும், இடமாற்றம் வேண்டிய ரீச்சர்மார், கிளார்க்மார் எல்லாம் பண்டாரவளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்து கும்பிட்டுவிட்டு என் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். கடையை மூட வேண்டி வந்த பிறகுதான் என் வியாபாரம் இந்த மாதிரி நடக்கிறது.

சூலத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். தலைவரிடம் கேட்டேன். "நட்டது நீங்கதான்கா. ஆனா இப்ப அது ஊரு சாமி. புடுங்குங்க, நான் மட்டும் முன்னுக்கு நிக்க மாட்டேன்" என்றார், யோசனை சொன்ன அதே வாயால். ஒரு காலையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானே போய்ச் சூலத்தில் கையை வைத்தேன். சரியாக அந்த நேரத்தில் பதுளை பஸ் வந்தது. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெற்றியில் வைத்தார். நான் எண்ணெய்த் துணியை எடுத்துச் சூலத்தைத் துடைப்பது போலத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தபோது எனக்கும் மனம் வரவில்லை. தினம் அடுப்பு மூட்டும் முன்னால் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிப் பழகிவிட்டேன். அவளும் வந்த இடத்தில் கிடக்கட்டும்.

மா, சீனி எல்லாம் கொண்டுவந்து போடுகிற பண்டாரவளை புஹாரி நானாவுக்கு நீ சின்னப் பிள்ளையில் அவருடைய சாமான் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது, உன்னைப் பற்றி விசாரித்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லி அழுதேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அம்மன வெச்சீங்க, அது சரி ரெங்கம்மா. வெக்க முந்தி அளந்தெண்டாலும் வெச்சிருக்கலாமே. நம்மட கடையிலயே டேப் இரிக்கே" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே சொல்லியிருக்கிறார்.

இனித்தான் உனக்கு நான் சொல்ல வந்தது. பத்மநாதன் ஐயா போய்விட்டால் மூன்றாம் வளைவு விசயம் உன் மேசைக்கு வரும் என்று தலைவர் சொல்கிறார். இங்கே எல்லாருக்கும் அதில் பெரிய சந்தோசம். "இனி என்னக்கா, கோடு உங்க வீட்டுக்குள்ளயே வந்திருச்சு" என்கிறார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும். என் கடையை நீ வெட்டினால், வெட்டிவிட்டு அறையில் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிடுவாய். வெட்டாமல் விட்டால், ஹோட்டலை இழந்த அந்த மனிதர் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால், என் சுவரில் நேராக வந்த கோடு உன் அம்மாயி அடுப்புக்கிட்ட வந்ததும் ஏன் வளைந்தது என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். நீ அவர் முன்னால் தலை குனிந்து நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. அதைவிட என் கடை போகட்டும்.

ஆகவே கோப்பு உன் மேசைக்கு வரும் முன்னால் நானே மூடிவிடுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, சனம் வரும், அதோடு கடைசி. அடுப்புக் கல்லை எடுத்து, தகரத்தைக் கழற்றி, பெஞ்சை லயத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். நீ வந்து பார்க்கும்போது அங்கே மரமும் அம்மனும்தான் இருக்கும். வெறும் இடத்தில் கோடு போட உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. என்னைப் பற்றி யோசிக்காதே. உன் அம்மா அனுப்புகிறாள், மாடு இருக்கிறது. சும்மா இருப்பது எப்படி என்றுதான் பழக வேண்டும், அதையும் யாரையாவது பார்த்துப் பழகிக்கொள்வேன். இந்த விசயம் முடிகிற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராதே. வந்தால் ஆட்கள் ஏதாவது கதை கட்டிவிடுவார்கள். கஷ்டப்பட்டு வாங்கிய பேர், கவனம்.

மூன்றாம் வளைவு அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். இருக்காமல் எங்கே போவாள், நட்டது நான். நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனைந்த சப்பாத்தோடு அலுவலகத்தில் உட்காராதே. உன்னோடு வேலை செய்கிற எல்லாருக்கும், ஆபீஸ் வாசலில் நிற்கிற காவல்காரருக்கும், என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருந்தாலும் வரவேண்டாம் என்று எழுதுகிற,
அம்மாயி ரெங்கம்மா.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. சனம் போனதும் தகரத்தில் முதல் ஆணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாய். வராதே என்று எழுதிய கடுதாசி மடியில் இருக்கிறது, நீ எதிரில் நிற்கிறாய். "இன்னிக்கு நான் ஆபீசர் இல்ல அம்மாயி, லீவு. மண்டபத்துச் சுவத்துல புதுப் படம் மாட்டியிருக்கு, யாரும் பாக்கலாம், நானும் பாத்தேன்" என்கிறாய். பத்மநாதன் ஐயா போகும் முன்னால் அவரே முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், உன் மேசைக்கு ஒன்றும் வராதாம். வளைவு முழுக்கச் சிவப்பாம், அம்மனைச் சுற்றி மட்டும் ஒரு நீல வட்டமாம். என் அடுப்பு அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டதாம். ஐயா எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார், முப்பது மீட்டர் என்றதைக் கேட்டதும் கடையே போச்சு என்று எனக்குத்தான் காது அடைத்துவிட்டது. நீ மரத்திலிருந்து, ரோட்டுக்கு அடியில் தண்ணி போகிற போக்கு வரைக்கும் முப்பது மீட்டரை நடந்து பார்த்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சாமி நகராது அம்மாயி. அடுப்பு நகரும்ல?" என்றாய். இத்தனை பேர் வந்து போனோம், தலைவர், நானா, நான், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அந்தப் பக்கம் அடுப்பு வைக்கத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் அனுமதி நான்தான் கேட்க வேண்டும், நீ வர மாட்டாய் என்கிறாய். வராதே. எனக்குக் கேட்கத் தெரியும்.

நீ இப்போது உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாய். யாருக்கு எழுதுறீங்க அம்மாயி என்று கேட்கிறாய், சங்கத்துக்கு என்றேன். இனி இந்தக் கடுதாசி தேவையில்லை, ஆனாலும் நீ பஸ் ஏறிய பிறகு பெட்டியில் போடத்தான் போகிறேன். உன் மேசைக்கு வருகிற கடுதாசி எல்லாம் எதையாவது கேட்டுத்தான் வருகிறது என்று இப்போதுதான் சலித்துக்கொண்டாய். இது உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதில் மட்டும் போட்டால் போதும்.